கேமிங் மவுஸ் செய்ய நினைப்பவர் முதலில் அளக்க வேண்டியது கையை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதியில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தி வரும் நான், சனிக்கிழமை காலைகளில் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு நாள் வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் அருகில் வந்து, "ஐயா, நாமே ஒரு கேமிங் மவுஸ் செய்ய முடியுமா? 30000 டிபிஐ சென்சார் ஒன்றை வாங்கிவிட்டால் போதும்தானே?" என்று கேட்டான். செய்ய முடியும், ஆனால் சென்சாரிலிருந்து, அதாவது மவுஸின் அசைவை அறியும் கண்ணிலிருந்து, தொடங்காதே என்று அவனிடம் சொன்னேன் (டிபிஐ என்றால் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்). அவன் வயதுப் பிள்ளைகளுக்கும், மின்னணுவியல் படிக்காத பெரியவர்களுக்கும் புரியும்படி அந்த விடையை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் எண்ணிய முதல் மவுஸை, அவருடன் பணியாற்றிய பில் இங்கிலிஷ் 1964ஆம் ஆண்டு மரக்கட்டையில் இரண்டு சக்கரங்களைப் பொருத்திச் செய்தார். 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் அது பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டப்பட்டது. பிறகு சக்கரங்களின் இடத்துக்கு ரப்பர் பந்து வந்தது. 1999ஆம் ஆண்டு இரண்டு திருப்பங்கள் நேர்ந்தன: பந்தே இல்லாமல், மேசையை விநாடிக்கு 1500 முறை படமெடுத்து அசைவை அறியும் மவுஸை மைக்ரோசாஃப்ட் விற்பனைக்குக் கொண்டுவந்தது, விளையாடுவோருக்கென்றே 'பூம்ஸ்லாங்' என்ற மவுஸ் ரேசர் என்ற வணிகப் பெயரில் வெளிவந்தது. அலுவலக மவுஸிலிருந்து கேமிங் மவுஸ் பிரியும் இடம் இதுதான். கணக்கு எழுதுபவருக்கு அம்புக்குறி கடைசியில் சரியான கட்டத்தில் போய் நின்றால் போதும். விளையாடுபவருக்கோ, கை எத்தனை முறை ஒரே மாதிரி அசைந்தாலும் திரையில் அத்தனை முறையும் ஒரே விளைவு, ஒரே விரைவில் வர வேண்டும். பயிற்சியினால் கைக்கு வரும் பழக்கம் முழுவதும் அந்த உறுதியை நம்பித்தான் நிற்கிறது.

ஆகவே முதல் வேலை கையை அளப்பது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளமும், கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகலமும் எடுக்க வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு நாள் அளவுகோல் வைத்து எல்லோர் கையையும் அளந்தபோது, ஒரே அறையில் 15 சென்டிமீட்டர் கையும் 19 சென்டிமீட்டர் கையும் இருந்தன. இந்த இரண்டுக்கும் ஒரே மவுஸ் பொருந்தாது என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொண்டார்கள். கையின் அளவோடு பிடிக்கும் முறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிலர் உள்ளங்கை முழுவதும் மவுஸின் முதுகில் படியும்படி பிடிக்கிறார்கள். அவர்களுக்கு முதுகு உயர்ந்தும் நீண்டும் இருக்க வேண்டும். சிலர் உள்ளங்கையின் அடிப்பகுதியை மட்டும் மவுஸின் பின்பக்கத்தில் ஊன்றி, விரல்களைக் கொக்கிபோல் வளைத்து வைக்கிறார்கள். அவர்களுக்கு மேடு பின்புறம் தள்ளியிருக்க வேண்டும். இன்னும் சிலர் உள்ளங்கை படாமல் விரல் நுனிகளால் மட்டுமே பிடித்து நகர்த்துகிறார்கள். அவர்களுக்குக் குட்டையான, தாழ்ந்த மவுஸ்தான் வசதி. யாருடைய கைக்காக, எந்தப் பிடிக்காகச் செய்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் தொடங்கப்படும் மவுஸ் எந்தக் கைக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை.

பக்கச் சுவர்களின் சாய்வைப் பலர் கவனிப்பதில்லை; எனக்கோ அது மிக முக்கியமாகப் படுகிறது. சுடும் விளையாட்டுகளில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். தூக்குவது கட்டைவிரலும் எதிர்ப்பக்கத்து மோதிர விரலும் சுண்டு விரலும்தான். சுவர்கள் அடிப்பக்கம் சற்றே உள்வாங்கியிருந்தால் விரல்கள் தாமாகப் பற்றிக்கொள்ளும். வெளிப்பக்கம் விரிந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடித்தாக வேண்டும், அந்த அழுத்தமே ஒரு மணி நேரத்தில் முன்கையைக் களைப்பாக்கிவிடும். கட்டைவிரலுக்கான பொத்தான்களும் அப்படித்தான்: விரும்பும்போது விரல் எட்ட வேண்டும், இறுகப் பிடிக்கும்போது தற்செயலாக அழுந்தக் கூடாது.

வடிவத்தை ஏன் முதலிலேயே முடித்துவிட வேண்டும் என்றால், மவுஸின் ஓடு உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் செலுத்தி வார்க்கப்படுகிறது. அந்த அச்சுதான் மொத்தச் செலவில் பெரிய பங்கு. வெட்டி முடித்த அச்சில் ஒரு மில்லிமீட்டர் மாற்றம்கூட எளிதன்று. எனவே களிமண்ணிலும் முப்பரிமாண அச்சுப்பொறியிலும் மாதிரிகளைச் செய்து, பல கைகளில் கொடுத்து, தேய்த்தும் கூட்டியும் திருத்திய பிறகே உலோக அச்சுக்குப் போக வேண்டும். முதன்முதலாகச் செய்து பார்ப்பவருக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு: நன்றாக வேலை செய்யும் பழைய மவுஸ் ஒன்றின் சர்க்யூட் போர்டை எடுத்து, அதைச் சுற்றித் தன் கைக்கேற்ற ஓடு ஒன்றை மட்டும் முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சிட்டுக்கொள்வது. மாணவனுக்கு நான் சொன்னதும் இதையே.

அடுத்தது எடை. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் 100 கிராமைத் தாண்டிய கேமிங் மவுஸ்கள் சாதாரணம். இன்று 60 கிராமையொட்டியும் அதற்குக் கீழும் பல கிடைக்கின்றன. எடை குறைந்தால் மவுஸை நகரச் செய்வது மட்டுமன்றி, ஓடும் மவுஸைக் குறித்த இடத்தில் நிறுத்துவதும் எளிதாகிறது. குறைப்பது எங்கிருந்து என்பதற்கு ஒரு தோராயமான கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டின் மொத்தப் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றும், சுவரின் தடிமன் 1.5 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், பிளாஸ்டிக்கின் கன அளவு 30 கன சென்டிமீட்டர். மவுஸ் ஓடுகளுக்குப் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் அடர்த்தி தண்ணீரைவிடச் சிறிதே கூடுதல் என்பதால் ஓடு மட்டும் 31 கிராம் வரும். தடிமனை 1 மில்லிமீட்டராக்கினால் 10 கிராம் குறையும். ஆனால் மெலிந்த சுவர் அழுத்தினால் வளைந்து கீச்சிடும். அதனால் உட்புறம் எங்கே விலா எலும்புபோல் தாங்கு வரிகள் கொடுப்பது என்பதில்தான் வடிவமைப்பாளரின் திறமை தெரிகிறது. தேன்கூடுபோல் ஓட்டில் துளைகள் இட்டு எடை குறைக்கும் வழியும் உண்டு. வறண்ட ஊர்களில் அது சரியாக இருக்கலாம். கடலோரத்தில் வாழும் எங்களுக்கு, வியர்வையும் ஈரக்காற்றும் நேராகச் சர்க்யூட்டின் மேல் இறங்கும் வழியாகவே அந்தத் துளைகள் ஆகிவிடுகின்றன. மொத்த எடையைப் போலவே அது எங்கே குவிந்திருக்கிறது என்பதும் முக்கியம். பேட்டரி பின்பக்கம் ஒதுங்கிய மவுஸைத் தூக்கினால் வால் கீழே சாயும். 50 கிராம்தான் என்றாலும் கைக்கு அது கனமாகவே தோன்றும்.

இப்போது அந்த மாணவன் கேட்ட சென்சாருக்கு வருவோம். மவுஸின் அடியில் உள்ள சிறு விளக்கு மேசைப்பரப்பின்மேல் சாய்வாக ஒளி வீச, பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிழலும் வெளிச்சமுமாகத் தெரிகின்றன. அதை ஒரு சிறு லென்ஸ் வழியாக நுண்கேமரா படம் பிடிக்கிறது; அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, முந்தைய படத்தில் இருந்த புள்ளிகள் எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கணக்கிடுகிறது. பல ஆண்டுகள் பெரும் புழக்கத்தில் இருந்த பிக்ஸ்ஆர்ட் நிறுவனத்தின் 3360 சென்சார் இதை விநாடிக்கு 12000 படங்கள் வரை எடுத்துச் செய்யும். டிபிஐ என்பது, மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை அசைவு எண்ணிக்கை போகிறது என்பதைக் குறிக்கும் அளவு மட்டுமே. 1920 புள்ளி அகலமுள்ள திரையில், ஓர் எண்ணிக்கைக்கு ஒரு புள்ளி என்று வைத்தால், 800 டிபிஐயில் அம்புக்குறி திரையைக் கடக்க மவுஸ் 6 சென்டிமீட்டர் நகர வேண்டும்; 26000 டிபிஐயில் 2 மில்லிமீட்டர்கூட வேண்டாம். கையின் சிறு அசைவிலேயே அம்புக்குறி திரையைக் கடந்துவிடும்போது அந்த எண்ணால் என்ன பயன்? துல்லியமாகச் சுட வேண்டிய விளையாட்டுகளில் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் 400க்கும் 1600க்கும் இடையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். டிபிஐ என்பது, மவுஸ் விற்கும் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட வசதியான எண். வாங்குபவரும் செய்பவரும் அதன் பின்னால் ஓட வேண்டியதில்லை.

சென்சாரில் பார்க்க வேண்டியவை வேறு. மவுஸ் எவ்வளவு வேகமாக வீசப்பட்டாலும் அது தடம் தவறக் கூடாது. 3360 சென்சாரின் வேக எல்லை விநாடிக்கு 250 அங்குலம், அதாவது ஆறு மீட்டருக்கு மேல்; அதன் பின் வந்த 3395 சென்சாருக்கு 650 அங்குலம். இரண்டுமே மனிதக் கையின் சாதாரண வீச்சுக்குத் தாராளமாகப் போதும். மவுஸைத் தூக்கியவுடன் சென்சார் படிப்பதை நிறுத்த வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் உயரத்துக்குள் அது நிற்காவிட்டால், தூக்கி வைக்கும்போதெல்லாம் குறி விலகும். கோணலாக இழுத்த கோட்டை நேராக்குவது, வேகமாக நகர்த்தினால் தொலைவைக் கூட்டுவது போன்ற உதவிகளைச் சென்சார் தானாகச் செய்யக் கூடாது. ஆட்டக்காரரின் கையை அவை பொய்யாக்குகின்றன. நல்ல சென்சாரை இன்று காசு கொடுத்தால் யாரும் வாங்கிவிடலாம் என்பதால், வடிவமைப்பாளரின் அக்கறை அதைப் பொருத்தும் இடத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டை ஊன்றி மவுஸைத் திருப்பும்போது, ஊன்றிய புள்ளியிலிருந்து 10 சென்டிமீட்டரில் உள்ள சென்சாரைவிட 12 சென்டிமீட்டரில் உள்ள சென்சார் ஐந்தில் ஒரு பங்கு அதிகத் தொலைவு நகர்கிறது. இரண்டு மவுஸுக்கும் ஒரே சென்சார், ஒரே டிபிஐ என்றாலும் கைக்கு அவை வேறு வேறாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மவுஸ் வழுக்கி ஓடுவதற்காக அடியில் ஒட்டப்படும் டெஃப்ளான் பட்டைகளும் சென்சாரோடு சம்பந்தப்பட்டவையே. 3360 சென்சாரின் லென்ஸ், பரப்பிலிருந்து 2.4 மில்லிமீட்டர் தொலைவில் இருக்கும்படி கணக்கிடப்பட்டது. மேலும் கீழும் 0.2 மில்லிமீட்டர்தான் விலகலாம். பட்டை தடிமனாக இருந்தாலோ, தேய்ந்து மெலிந்தாலோ அந்தத் தொலைவு மாறுகிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று என் கடைக்கு வரும் மவுஸ்களில் சிலவற்றுக்குப் புதுப் பட்டை ஒட்டியதும் நோய் தீர்ந்திருக்கிறது.

ஆனால் என் மேசைக்கு அதிகமாக வருவது கிளிக் கோளாறுதான். ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை விழும். இதைப் புரிந்துகொள்ள சுவிட்சின் உள்ளே பார்க்க வேண்டும். வளைந்த மெல்லிய செப்புத் தகடு ஒன்று அழுத்தத்தில் சட்டெனத் தாவி எதிர்முனையைத் தொடுகிறது. தொட்டவுடன் நிலைத்து நிற்பதில்லை. தரையில் போட்ட பந்துபோல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளுக்குத் துள்ளித் துள்ளித்தான் அமைகிறது. ஒவ்வொரு துள்ளலையும் மின்சுற்று தனிக் கிளிக்காகவே காணும். அதனால் மவுஸுக்குள் இயங்கும் மென்பொருள் அந்தத் துள்ளல்களை வடிகட்ட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து பிறகு கிளிக்கை அறிவிப்பது ஒரு வழி. அது பாதுகாப்பானது, ஆனால் ஒவ்வொரு கிளிக்கும் அத்தனை தாமதமாகிறது. முதல் தொடுகையையே கிளிக்காக உடனே அறிவித்துவிட்டு, அடுத்த சில மில்லி விநாடிகளுக்கு வருவதையெல்லாம் புறக்கணிப்பது இன்னொரு வழி. விளையாட்டுக்கு இந்த இரண்டாவது வழியே தக்கது என்பது என் கருத்து. மின் இரைச்சலால் பொய்க் கிளிக் எழாதபடி சர்க்யூட்டைத் தூய்மையாக அமைத்தால் அதில் இழப்பு ஏதும் இல்லை.

சுவிட்சின் ஆயுளை 2 கோடி கிளிக், 10 கோடி கிளிக் என்று சொல்வார்கள். மணிக்கு 5000 கிளிக் வீதம் நாள்தோறும் நான்கு மணி நேரம் ஆடுபவர், 2 கோடியை 1000 நாட்களில் தொடுவார். ஆனால் இங்கே மவுஸ்கள் அதற்கு வெகு முன்பே பழுதாகின்றன; காரணம், தொடுமுனைகளின்மேல் படியும் துரு போன்ற மெல்லிய படலம். இந்துமாக்கடலின் உப்புக்காற்றும் பிப்ரவரி மாதத்துப் புழுக்கமும், ஆய்வுக்கூடத்தில் இயந்திர விரல் அழுத்திக் கணக்கெடுத்த எண்களைப் பொருளற்றவையாக்கிவிடுகின்றன. ஒளிக்கற்றையை மறித்துக் கிளிக்கை அறியும் ஒளியியல் சுவிட்சில் மின்சாரம் பாயும் தொடுமுனை இல்லை. துள்ளலும் இல்லை, படலமும் ஒரு பொருட்டில்லை. விலை சற்றுக் கூடினாலும் டர்பனுக்காக ஒரு மவுஸ் செய்வதென்றால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். செப்புத் தகட்டுச் சுவிட்சுதான் என்றால், அதைப் போர்டில் நேரடியாகப் பற்றவைக்காமல், கழற்றி மாற்றும் குழிகளில் செருகும்படி அமைப்பது வாங்குபவருக்குச் செய்யும் பெரிய உதவி. எந்தச் சுவிட்சானாலும், அதன்மேல் அமரும் பொத்தான் பக்கவாட்டில் ஆடாமலும், சுவிட்சுக்கும் தனக்கும் இடையே வீண் இடைவெளி இல்லாமலும் பொருந்த வேண்டும்.

அடுத்து, மவுஸ் கணினியிடம் எத்தனை முறை பேசுகிறது என்பது. சாதாரண மவுஸ் விநாடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி விநாடிக்கு ஒரு முறை தன் நிலையைச் சொல்கிறது. கேமிங் மவுஸில் 1000 முறை என்பது நெடுங்காலமாக வழக்கம். இப்போது 8000 முறை சொல்பவையும் உள்ளன. 125லிருந்து 1000க்குப் போகும்போது சராசரித் தாமதம் 4 மில்லி விநாடியிலிருந்து அரை மில்லி விநாடியாகிறது. இதைக் கை உணரும். 1000லிருந்து 8000க்குப் போனால் மிச்சமாவது அரை மில்லி விநாடிக்கும் குறைவு. 144 ஹெர்ட்ஸ் திரையே 7 மில்லி விநாடிக்கு ஒரு முறைதான் புதிய படம் காட்டுகிறது. இணையத்தில் ஆடினால், டர்பனிலிருந்து ஜொகனஸ்பர்க் சர்வருக்குச் செய்தி போய்த் திரும்ப நல்ல ஃபைபர் இணைப்பிலும் 10 மில்லி விநாடியளவு ஆகிறது, ஐரோப்பிய சர்வர் என்றால் 150ஐத் தாண்டுகிறது. எனவே தொடக்க முயற்சிக்கு 1000 போதும். மிச்சமாகும் பணத்தையும் மின்சாரத்தையும் சுவிட்சுக்குக் கொடுக்கலாம்.

கம்பியில்லா மவுஸ் என்றால் இந்தக் கணக்குகளோடு பேட்டரியும் வானொலி அலைத் தொடர்பும் சேர்கின்றன. புளூடூத்தின் வழக்கமான இணைப்பில் இரண்டு செய்திகளுக்கு இடையே குறைந்தது 7.5 மில்லி விநாடி கழிவதால், கேமிங் மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தமக்கென ஒரு ரிசீவரை வைத்துக்கொள்கின்றன. வைஃபையும் அதே அலைவரிசையில் இயங்குவதால், அடுக்குமாடி வீடுகளில் மவுஸ் அதற்குள்ளேயே நெரிசலில்லாத பகுதியைத் தேடித் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ரிசீவரை மேசைமேல் மவுஸுக்கு அருகில் கொண்டுவர ஒரு நீட்சிக் கேபிளும் பெட்டியில் இருக்க வேண்டும். 300 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, சராசரியாக 5 மில்லி ஆம்பியர் இழுக்கும் மவுஸை 60 மணி நேரம் ஓட்டும். பேட்டரியைப் பெரிதாக்கினால் மேலே சொன்ன எடைக் கணக்கு மீண்டும் எழுந்து நிற்கும். மின்தடைகள் மிகுந்திருந்த ஆண்டுகளில், மின்சாரம் வந்த பிறகு ஆட உட்கார்ந்தால் மவுஸில் சார்ஜ் இல்லை என்ற புலம்பலை நிறையக் கேட்டிருக்கிறேன். சார்ஜ் செய்யும் வாய் முன்பக்கம் இருந்து, கேபிளைச் செருகியபடியே ஆட முடிந்தால் அந்தப் புலம்பலுக்கு இடமில்லை. இன்னொன்றையும் மறக்கக் கூடாது: தென்னாப்பிரிக்காவில் வானொலி அலையை அனுப்பும் கருவியை விற்பதற்கு இக்காசா என்னும் தகவல் தொடர்பு ஆணையத்தின் வகை ஒப்புதல் வேண்டும்.

மேல்பூச்சைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. கடையில் தொட்டுப் பார்க்கும்போது வெல்வெட்போல் மென்மையாக இருக்கும் ரப்பர் பூச்சு, ஈரக்காற்றில் வேதிமாற்றம் அடைந்து சில ஆண்டுகளில் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்குகிறது. சொரசொரப்பாக வார்த்த வெறும் பிளாஸ்டிக் அழகில் குறைவாகத் தோன்றலாம். ஆனால் வியர்த்த கைக்கும் கடலோர வீட்டுக்கும் அதுவே ஏற்றது. கேபிள் உண்டென்றால் அது தளர்வாகவும், மவுஸிலிருந்து வெளிவரும் இடத்தில் சற்று மேல்நோக்கியும் இருக்க வேண்டும். அமைப்புகள் மவுஸின் நினைவகத்திலேயே பதிய வேண்டும். பல நூறு மெகாபைட் மென்பொருளை இறக்கினால்தான் டிபிஐயை மாற்றலாம் என்பது, கைப்பேசி டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்குச் சுமை. வண்ண விளக்குகள் விருப்பத்தைப் பொறுத்தவை, ஆனால் பேட்டரியைத் தின்பவை.

அந்த மாணவன் இப்போது தன் மூன்றாவது மவுஸ் ஓடு ஒன்றை அச்சிட்டிருக்கிறான். முதலாவது அவன் தங்கையின் கைக்குப் பெரிதாக இருந்தது. இரண்டாவதில் கட்டைவிரல் பொத்தான் தானாக அழுந்தியது. மூன்றாவதைக் கோடை விடுமுறைக்குள் வகுப்பில் உள்ள ஐந்து பேரிடம் ஆளுக்கு இரண்டு வாரம் கொடுக்கப்போகிறான். எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதை எழுதிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். விளையாடி முடித்தவுடன் உள்ளங்கையில் எங்கே சிவந்திருக்கிறது, எந்த விரல் களைத்திருக்கிறது, மவுஸின் எந்தப் பகுதியில் வியர்வைத் தடம் படிந்திருக்கிறது என்பவற்றை அவன் குறித்துக்கொண்டு வருவான். நான்காவது ஓட்டின் அளவுகளை அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் நாங்கள் முடிவு செய்வோம்.